வாசகர் கேள்வி – பதில்: உப்பு எவ்வளவு, யாருக்கு?

உப்பைப் பற்றி மதுரை மாவட்டத்திலிருந்து வந்த கேள்விகளில், பலரும் கேட்டிருந்தவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம். பதில்கள் பொதுவானவை. தொடர்ந்து மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: உப்பு விஷம், அடியோடு விடுங்கள் என்கிறார் ஒருவர். உப்பைக் குறைத்தால்தான் ஆபத்து என்கிறார் இன்னொருவர். இரண்டு பேருமே டாக்டர் என்று போட்டுக்கொள்கிறார்கள். யாரை நம்புவது? – வாசகர், செல்லூர்

உப்பு விஷம் இல்லை. நரம்பு வேலை செய்ய, தசை சுருங்க, ரத்தத்தின் அளவு நிலையாக இருக்க சோடியம் வேண்டும். ஆனால் அதற்குத் தேவைப்படுவது மிகக் கொஞ்சம், ஒரு நாளைக்கு ஒன்றேகால் கிராம் உப்பு இருந்தாலே உடம்பு சமாளித்துக்கொள்ளும். உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் உச்ச வரம்பு 5 கிராமுக்குள், அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூன் தூள் உப்பு. நம் நாட்டில் பெரியவர்கள் சாப்பிடுவது 8 முதல் 11 கிராம். பிரச்சினை உப்பில் இல்லை, இந்த இடைவெளியில்.

ரத்தத்தில் சோடியம் கூடினால் அது தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சிறுநீரகம் அந்த மிச்சத்தை வெளியே தள்ள வேண்டும். தள்ள முடியாதபோது ரத்தக்குழாய்க்குள் அழுத்தம் ஏறுகிறது. வருஷக்கணக்கில் இது தொடர்ந்தால் குழாய்ச் சுவர் தடித்து இறுகி, பக்கவாதம், மாரடைப்பு, சிறுநீரகக் கோளாறு வரை போகும். எல்லார் உடம்பும் ஒரே மாதிரி இல்லை. வயதானவர்கள், ஏற்கெனவே பி.பி. உள்ளவர்கள், சிறுநீரகம் பலவீனமானவர்கள் ஆகியோருக்கு உப்பால் பி.பி. சட்டென்று ஏறும். 2013-இல் பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்ததில், நாளைக்கு நாலரை கிராம் போல உப்பைக் குறைத்தவர்களில் பி.பி. உள்ளவர்களுக்கு மேல் அளவு 5 புள்ளியும், இல்லாதவர்களுக்கு 2 புள்ளியும் இறங்கியது.

குறைத்தால் ஆபத்து என்ற பேச்சும் காற்றில் வந்ததில்லை. 2014-இல் பல நாடுகளை உள்ளடக்கிய ஒரு பெரிய ஆய்வு, நாளைக்கு ஏழரை முதல் 15 கிராம் வரை உப்பு உண்டவர்களுக்கே ஆபத்து குறைவு என்றது. ஆனால் அதில் ஒரே ஒரு தடவை எடுத்த சிறுநீரை வைத்து ஒருவருடைய முழுநாள் உப்பைக் கணித்திருந்தார்கள். அதோடு, நோயில் விழுந்து சாப்பாடு குறைந்துபோனவர்களும் 'உப்பு குறைவாக உண்பவர்' வரிசையில் வந்துவிடுவார்கள். குறைந்தது இரண்டு முறையாவது 24 மணி நேரச் சிறுநீரை முழுதாகச் சேகரித்து அளந்த ஆய்வுகளை 2022-இல் தொகுத்தபோது, உப்பு கூடக் கூட ஆபத்தும் கூடுவதுதான் தெரிந்தது. நாங்கள் இந்த 2022 தொகுப்பின் பக்கம்தான் சாய்கிறோம், அளந்த முறை நம்பகமானது என்பதால்.

கேள்வி: வீட்டில் நாலு பேர். நான் உப்பைக் கம்மியாகத்தான் போடுகிறேன். ஆனாலும் கணவருக்கு பி.பி. குறையவில்லை. எவ்வளவு சாப்பிடுகிறோம் என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க வழி உண்டா? – வாசகி, திருமங்கலம்

உண்டு, செலவில்லாத வழி. அடுத்த ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கும்போது அதன்மேல் தேதியை எழுதுங்கள். நாலு பேருக்கு ஆளுக்கு 5 கிராம் என்றால் நாளைக்கு 20 கிராம், பாக்கெட் 50 நாள் வர வேண்டும். 30 நாளில் தீர்ந்தால் ஆளுக்கு 8 கிராமுக்கு மேல். ஊறுகாய் போட, மீன் கழுவ, கோலத்துக்கு என்று எடுத்தால் அதைக் கழித்துக்கொள்ளுங்கள். வெளியில் சாப்பிடுவது இந்தக் கணக்கில் வராது, அது தனி.

'கம்மியாகத்தான் போடுகிறேன்' என்பது பெரும்பாலும் குழம்பையும் பொரியலையும் மனதில் வைத்துச் சொல்வது. காலைப் பலகாரத்தைப் பாருங்கள். ஒரு கிலோ இட்லி அரிசி, கால் கிலோ உளுந்து ஆட்டி 25 கிராம் உப்பு போட்டால் அறுபது இட்லி போல வரும். ஒரு இட்லியில் 0.4 கிராம். நாலு இட்லிக்கு 1.6. ஒரு பெரிய கரண்டி சாம்பாரில் 1.3. இரண்டு கரண்டி சட்னியில் அரை கிராம். காலை ஒன்பது மணிக்கே மூன்றரை கிராம் உள்ளே போய்விட்டது. மதியச் சாப்பாட்டில் ஒரு டீஸ்பூன் ஊறுகாய் மட்டும் ஒரு கிராமுக்குக் குறையாது, ஏனென்றால் ஊறுகாயின் எடையில் பத்தில் ஒரு பங்காவது உப்புதான். நம்மூர் அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் சேர்கிறது, அதுவும் சோடியம். ஒரு அப்பளம் ஏறக்குறைய 0.4 கிராம் உப்புக்குச் சமம். மோர் மிளகாய், வடகம், கருவாடு எல்லாம் இந்த வகையறா.

குறைக்கும்போது ஒரேயடியாகப் பாதியாக்கினால் தோற்றுவிடுவீர்கள். சாப்பாடு சப்பென்று இருக்கும், ஆளாளுக்கு ஊறுகாய்ப் பாட்டிலைத் தேடுவார்கள், கணக்கு பழையபடி ஏறிவிடும். காலையில் ஒரு சின்னக் கிண்ணத்தில் அன்றைய உப்பை எடை போட்டு எடுத்து வையுங்கள். இப்போது 32 கிராம் ஆகிறது என்றால் முதல் இரண்டு வாரம் 28, அடுத்து 25, பிறகு 22. கடைசியில் 16-இல் நிறுத்துங்கள், ஊறுகாய்க்கும் வெளிச் சாப்பாட்டுக்கும் மீதி 4. நாக்கு பழக ஒன்று முதல் இரண்டு மாதம் ஆகும். அதன் பிறகு பழைய அளவே கரிக்கும்.

எங்கே கை வைப்பது? முதலில் மாவு. 25 கிராமை 18 ஆக்கினால் யாருக்கும் தெரியாது, சட்னியில் இருக்கும் உப்பு ஈடுகட்டிவிடும். ஆனால் உப்பு புளிப்பைக் கொஞ்சம் தாமதப்படுத்தும் பொருள். சித்திரை வெயிலில் உப்பு குறைந்த மாவு சீக்கிரம் பொங்கிப் புளித்துப்போகும், வழக்கத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே ஃபிரிட்ஜில் எடுத்து வையுங்கள். அடுத்து புளி. வருஷத்துக்கு வாங்கி, பூச்சி வராமல் இருக்கக் கல் உப்பு தூவி ஜாடியில் அடைத்த புளி என்றால், கரைத்ததும் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுப் பிறகு உப்பு போடுங்கள். பல வீடுகளில் குழம்புக்கு இரண்டு தடவை உப்பு விழுவது இந்தப் புளியால்தான். கீரைக்கும் பொரியலுக்கும் கடைசியில் தூவுங்கள். வேகும் முன் மலைபோல இருக்கும் கீரையைப் பார்த்துப் போட்ட உப்பு, அது சுண்டியதும் கரிக்கும். சோறு வடிக்கும்போது உப்பு வேண்டவே வேண்டாம்.

கல் உப்பும் தூள் உப்பும் ஸ்பூனில் ஒன்றல்ல. கல் உப்பில் இடைவெளி அதிகம், அதனால் அதே ஸ்பூனில் எடை குறைவு. கைப்பழக்கத்தில் கல் உப்பிலிருந்து தூளுக்கு மாறியவர்கள் தெரியாமலே உப்பைக் கூட்டியிருப்பார்கள். பாக்கெட் பண்டம் வாங்கினால் சோடியம் எத்தனை மில்லிகிராம் என்று பார்த்து இரண்டரையால் பெருக்குங்கள், அதுதான் உப்பு. 800 மி.கி. சோடியம் என்றால் 2 கிராம் உப்பு.

கேள்வி: ராத்திரி வாரத்துக்கு மூணு நாள் புரோட்டாதான். எண்ணெய்தான் கெடுதி என்று நினைத்தேன். உப்பும் கணக்கில் வருமா? – வாசகர், கோரிப்பாளையம்

வரும். ஒரு கிலோ மைதாவுக்கு 18 கிராம் உப்பு போட்டு 25 புரோட்டா தட்டினால் ஒன்றில் 0.7 கிராம். மூன்று புரோட்டாவில் 2 கிராம். ஆனால் பெரிய பங்கு சால்னாவில்தான் இருக்கிறது. பிய்த்துப் போட்டு ஊற ஊற ஊற்றிச் சாப்பிடும்போது 200 மில்லி எளிதாகப் போகும், அதில் இன்னொரு 2 கிராம். ஆம்லெட்டோ கலக்கியோ சேர்ந்தால் ஒரு நாள் வரம்பு ஒரே இலையில் முடிந்தது. சால்னாவைக் கிண்ணத்தில் தனியாக வாங்கித் தொட்டுச் சாப்பிட்டால் பாதியாகக் குறையும். புரோட்டாவை விடச் சொல்லவில்லை, மதுரைக்காரரிடம் அதைச் சொல்லிப் பயனும் இல்லை.

கேள்வி: வெள்ளை உப்புதான் கெடுதி, இந்துப்பு சாப்பிட்டால் பி.பி. வராது என்கிறார்களே? – வாசகி, அண்ணாநகர், மதுரை

இந்துப்பிலும் நூற்றுக்கு 97 பங்குக்கு மேல் அதே சோடியம் குளோரைடுதான். நிறம் தரும் இரும்பும் மற்ற தாதுக்களும் துளியூண்டு. அதைக் கணக்கில் சேர்க்க வேண்டுமானால் கைப்பிடி உப்பு சாப்பிட வேண்டும். விலைதான் பல மடங்கு.

இதில் ஒரு நஷ்டமும் உண்டு, அயோடின். சாப்பாட்டுக்கு விற்கும் சாதாரண உப்பில் அயோடின் கட்டாயம் என்று 2006 முதல் நாடு முழுக்கச் சட்டம் இருக்கிறது. உங்கள் கைக்கு வரும்போது அது 15 பி.பி.எம்.-க்கு, அதாவது கிலோவுக்கு 15 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது. தூத்துக்குடி உப்பளத்திலிருந்து மூட்டையாக வந்து தெருவில் படி கணக்கில் விற்கும் கல் உப்பில் பெரும்பாலும் அயோடின் இருக்காது. அயோடின் சேர்த்த கல் உப்பை வாங்கி மண் போகக் கழுவினாலும் அது தண்ணீரோடு போய்விடும், மேலே தெளித்ததுதானே. மூடி போட்ட டப்பாவில், அடுப்புக்குத் தள்ளி வையுங்கள். உப்பைக் குறைக்கிறவர்கள் அயோடின் உப்பையே பயன்படுத்துவது இன்னும் முக்கியம்.

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது, டெல்மிசார்ட்டன் என்ற பி.பி. மாத்திரை சாப்பிடுகிறார், சர்க்கரையும் இருக்கிறது. கடையில் சோடியம் குறைந்த உப்பு விற்கிறார்கள். வாங்கலாமா? – வாசகர், உசிலம்பட்டி

ரத்தப் பரிசோதனை செய்யாமல் வாங்காதீர்கள்.

அந்த உப்பில் சோடியத்துக்குப் பதிலாகக் கொஞ்சம் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். நல்ல பொருள்தான். சீனாவில் 600 கிராமங்களில், ஏறக்குறைய 21,000 பேரை எடுத்துக்கொண்டு, பாதிக் கிராமங்களுக்கு நூற்றுக்கு 25 பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைக் கொடுத்து, மீதிக் கிராமங்களோடு ஒப்பிட்டு ஐந்து வருஷம் போலப் பார்த்தார்கள். 2021-இல் வந்த முடிவில் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்திருந்தது. ஆனால் கடுமையான சிறுநீரக நோய் உள்ளவர்களை அதில் சேர்க்கவில்லை.

டெல்மிசார்ட்டன், லோசார்ட்டன், எனலாப்ரில், ராமிப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் ஆகியவை உடம்பில் பொட்டாசியத்தைத் தங்க வைக்கும். சர்க்கரை நோயாளிக்குச் சிறுநீரகம் மெதுவாகத் தளர்ந்திருக்கலாம், வெளியே ஒன்றும் தெரியாது. இரண்டும் சேர்ந்த உடம்பில் பொட்டாசிய உப்பும் போனால் ரத்தத்தில் அது எகிறி இதயத் துடிப்பு தடம் புரளலாம். முன்னெச்சரிக்கையாக வலியோ வீக்கமோ வரும் என்று நம்ப முடியாது. ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு), பொட்டாசியம் இரண்டும் பார்த்து டாக்டர் சரி என்றால் தொடங்குங்கள், சில வாரம் கழித்து மறுபடி பாருங்கள். ஒரே உப்பு டப்பா உள்ள கூட்டுக் குடும்பம் என்றால் வீட்டில் வேறு யாருக்காவது சிறுநீரகக் கோளாறு இருக்கிறதா, யாராவது கர்ப்பமாக இருக்கிறார்களா என்பதையும் யோசிக்க வேண்டும், அவர்களுக்கு இந்த உப்பு ஆகாது. கொஞ்சம் கசக்கும் என்பதால் பலர் ஒரு ஸ்பூன் கூடப் போட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் வாங்கியதே வீண்.

கேள்வி: எங்கள் பக்கம் போர் தண்ணீர் உப்பு. டி.டி.எஸ். 1,400 காட்டுகிறது. சாப்பாட்டில் உப்பைக் குறைத்து என்ன செய்ய, தண்ணீரிலேயே போகிறதே? – வாசகர், பேரையூர் பக்கம்

டி.டி.எஸ். என்பது ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்துள்ள எல்லாவற்றின் மொத்த எடை, மில்லிகிராமில். அதில் கால்சியம், மெக்னீசியம், பைகார்பனேட், குளோரைடு எல்லாம் அடக்கம். 1,400-இல் சோடியம் எவ்வளவு என்பதை அந்தக் கையடக்கக் கருவி சொல்லாது. இந்தியத் தர அளவுப்படி 500 வரை நல்லது, வேறு தண்ணீரே இல்லையென்றால் 2,000 வரை அனுமதி.

லிட்டருக்கு 200 மி.கி. சோடியம் இருந்தால் நாக்கில் உப்பு தட்டத் தொடங்கும். அந்தத் தண்ணீரை மூன்று லிட்டர் குடித்தால் 600 மி.கி. சோடியம், அதாவது ஒன்றரை கிராம் உப்பு. அலட்சியப்படுத்தக் கூடியது இல்லை, ஆனால் சாம்பார், ஊறுகாயை மிஞ்சுவதும் இல்லை. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் தண்ணீரைக் கொடுத்து, சோடியமும் குளோரைடும் தனியாக வேண்டும் என்று கேளுங்கள். குடிக்கவும் சமைக்கவும் வேறு தண்ணீர் கிடைத்தால் அதை வையுங்கள். ஆர்.ஓ. சோடியத்தைப் பெருமளவு எடுத்துவிடும், கொதிக்க வைப்பது எடுக்காது.

இதோடு சேர்த்து மதுரை நகரத்து அபார்ட்மெண்ட்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மொட்டை மாடியிலோ கீழேயோ வைத்திருக்கும் கடினநீர் மாற்றும் கருவியில் மூட்டை உப்பு கொட்டுகிறார்களே, அது கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைத் தண்ணீருக்குள் விடுகிறது. 100 மி.கி. கடினத்தன்மை போனால் 46 மி.கி. சோடியம் வரும். கடினத்தன்மை 600 உள்ள போர் என்றால் லிட்டருக்கு 276 மி.கி. கூடுகிறது. நாக்குக்கு அது நல்ல தண்ணீர் போலத் தெரியலாம். குளிக்க, துவைக்க சரி. நேராகக் குடிக்காதீர்கள்.

கேள்வி: மாமியாருக்கு 74 வயது. பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர். திடீரென்று தடுமாற்றமாகப் பேசினார், ஆஸ்பத்திரியில் சோடியம் 118 என்றார்கள். நாங்கள் உப்பைக் குறைத்ததால்தானா? இனி உப்பு கூடப் போடலாமா? – வாசகி, சோழவந்தான்

வீட்டில் உப்பைக் கொஞ்சம் குறைத்ததால் மட்டும் 135-க்கு மேல் இருக்க வேண்டிய சோடியம் 118-க்கு விழாது. ரத்தத்தில் காட்டும் அந்த எண், சோடியத்துக்கும் தண்ணீருக்கும் உள்ள விகிதம். பெரும்பாலும் தண்ணீர் கூடிப்போனதால் விழுகிறது. வயதானவர்களில் அடிக்கடி காரணமாக இருப்பது ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் போன்ற சிறுநீர் பிரிக்கும் மருந்துகள். பி.பி.-க்கான கூட்டு மாத்திரைகள் பலவற்றில் இவை ஒளிந்திருக்கும், அட்டையின் பின்புறம் சிறிய எழுத்தில் பாருங்கள். சில மனநல மருந்துகள், வலிப்பு மருந்துகள், நுரையீரல் தொற்று, வாந்தி பேதி, சாப்பாடே இல்லாமல் தண்ணீரும் கஞ்சித் தண்ணியும் மட்டுமே குடிப்பது ஆகியவையும் காரணங்கள்.

நீங்களாகவே உப்புத் தண்ணீர் கரைத்துக் கொடுக்க வேண்டாம். காரணம் இதய பலவீனமாக இருந்தால் உப்பு வீக்கத்தையும் மூச்சுத்திணறலையும் கூட்டும். மருத்துவமனையிலேயே இதை மெல்ல மெல்லத்தான் ஏற்றுவார்கள், 24 மணி நேரத்தில் 8 முதல் 10 புள்ளிக்கு மேல் ஏற்றினால் மூளை நரம்புகள் சிதையும் அபாயம் உண்டு. 'இரண்டு நாளாகியும் நார்மலுக்கு வரவில்லையே' என்று அவசரப்படாதீர்கள். வீடு திரும்பும்போது எந்த மாத்திரையை நிறுத்தினார்கள், நாளைக்கு எத்தனை லிட்டர் தண்ணீர், அடுத்த சோடியம் பரிசோதனை எப்போது என்ற மூன்றையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பழைய மாத்திரைச் சீட்டைக் கிழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் மருந்துக் கடையில் அதையே திரும்ப வாங்கிவிடுவீர்கள்.

கேள்வி: கட்டட வேலை. கத்திரி வெயிலில் சட்டை பிழியப் பிழிய வியர்க்கிறது. எங்களுக்கும் 5 கிராம்தானா? – வாசகர், மேலூர்

அந்த நாட்களில் அப்படி இறுக்கிப் பிடிக்க வேண்டாம். ஒரு லிட்டர் வியர்வையில் 1 முதல் 4 கிராம் வரை உப்பு போகும். வெயிலுக்குப் பழகிய உடம்பு குறைவாக விடும், புதிதாக வேலைக்கு வந்தவருக்கு அதிகம் போகும். ஒரு லிட்டர் நீர்மோருக்குக் கால் டீஸ்பூன் உப்பு போதும். நீராகாரத்தில் உப்பும் கடிக்க மோர் மிளகாயும் இருந்தால் தனியாக எதுவும் தேவையில்லை. வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடித்துக் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தால் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் சொன்ன அளவுத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். பாதித் தண்ணீரில் கரைத்தால் உப்பு கூடி வயிற்றைப் புரட்டும். ஒருவர் வெயிலில் நின்று பிதற்றினாலோ மயங்கினாலோ வாயில் எதையும் ஊற்றாமல் நிழலுக்குத் தூக்கி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறி, 108-ஐ அழையுங்கள்.

கேள்வி: குழம்பில் உப்பு கூடிவிட்டால் உருளைக்கிழங்கு போட்டால் இழுத்துக்கொள்ளுமா? – வாசகி, வாடிப்பட்டி

இழுக்கும், ஆனால் உப்பை மட்டும் தனியாக இல்லை. குழம்பையே இழுக்கும். மிச்சக் குழம்பு அதே கரிப்பில்தான் இருக்கும். பாதிக் குழம்பை எடுத்து வைத்துவிட்டு, மீதியில் உப்பில்லாமல் வெந்த பருப்போ தேங்காய்ப்பாலோ சேருங்கள். கூடுதல் புளியும் எலுமிச்சையும் நாக்கை ஏமாற்றும், உப்பு அப்படியே இருக்கும்.

கேள்வி: ஏழு மாதக் கர்ப்பம், கால் வீங்குகிறது. உப்பே இல்லாமல் சாப்பிடச் சொல்கிறார்கள். – வாசகி, அலங்காநல்லூர்

அப்படி வேண்டாம். உப்பை நிறுத்துவதால் கர்ப்பகால ரத்த அழுத்த நோயைத் தடுக்க முடியாது. வழக்கமான சாப்பாடு, அயோடின் உப்பு, ஊறுகாயும் அப்பளமும் குறைவாக. ஆனால் முகம், கை வீக்கம், தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி இருந்தால் அன்றைக்கே பி.பி.-யும் சிறுநீரில் புரதமும் பார்க்க வேண்டும். பிறந்த பிறகு, குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை அதன் சாப்பாட்டில் உப்பே சேர்க்காதீர்கள்.

கேள்வி: பி.பி. இருக்கிறது, உப்பைக் குறைத்துவிட்டேன். வயிறு மந்தமானால் மட்டும் பொங்கிவரும் ஆண்டாசிட் பொடியோ உப்பு போட்ட எலுமிச்சை சோடாவோ குடிப்பேன். பரவாயில்லையா? – வாசகர், ஆரப்பாளையம்

எப்போதாவது என்றால் பரவாயில்லை. பழக்கமாக என்றால் கூடாது. சமையல் சோடா கலந்த அந்த 5 கிராம் பொட்டலத்தில் 850 மி.கி. போலச் சோடியம் இருக்கிறது, இரண்டு கிராம் உப்புக்குச் சமம். தண்ணீரில் கரையும் பாராசிட்டமால் மாத்திரைகளிலும் ஒன்றுக்கு 400 மி.கி. வரை உண்டு, சாதாரண மாத்திரையில் அது கிடையாது. சோடாவை உப்பில்லாமல் எலுமிச்சை மட்டும் பிழிந்து தரச் சொல்லுங்கள். வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் நெஞ்சு எரிகிறது என்றால் பொடியை விட்டுவிட்டு டாக்டரைப் பாருங்கள்.